நூறு டிகிரிக்கு முன்னும் பின்னும்

போன குளிர்காலத்தில் நியூ ஜெர்சியில் தங்கை வீட்டில் சில வாரம் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை, வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. "இன்னைக்கு இத்தாலியன் சாசேஜ் சூப் நான் வைக்கிறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தேன். சூப்தானே, எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுத் தண்ணீரை விட்டால் தன்னால் கொதித்து வந்துவிடும் என்று நினைப்பு. பத்து நிமிடத்தில் தங்கை எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணா, அதுக்குள்ள தண்ணிய ஊத்திட்டீங்களா?"

பாத்திரத்தில் சாம்பல் நிறத்தில் இறைச்சித் துண்டுகள் மிதந்தன. மேலே அழுக்கு நுரை. மணம் என்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டும் அந்தச் சூப்புக்கு உயிர் வரவில்லை. பசிக்குப் பெரியவர்கள் குடித்தோம். தங்கை மகன் ரொட்டியோடு நிறுத்திக்கொண்டான்.

அடுத்த வாரம் அதே சாமான்கள், அதே பாத்திரம், அவள் வைத்தாள். மாடியில் படித்துக்கொண்டிருந்த பையன் மணத்துக்கே இறங்கி வந்தான். அவள் கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை. வரிசையைத்தான் மாற்றினாள். தண்ணீர் ஊற்றும் முன் செய்ய வேண்டியது எது, ஊற்றிய பின் செய்ய வேண்டியது எது என்பதில்தான் இந்தச் சூப்பின் வேதியியல் முழுவதும் இருக்கிறது.

முதலில் சாசேஜ். இத்தாலியில் போய் 'இத்தாலியன் சாசேஜ்' கேட்டால் கடைக்காரர் விழிப்பார். அங்கே அது ஊருக்கு ஊர் மாறும் 'சல்சிச்சா'. 'இத்தாலியன்' என்ற பட்டம் அமெரிக்கா கொடுத்தது. 1880 தொடங்கி 1920களின் ஆரம்பம் வரை 40 லட்சத்துக்கும் அதிகமான இத்தாலியர்கள் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் நேப்பிள்ஸ், கலாப்ரியா, சிசிலி பக்கத்துத் தெற்கத்திக்காரர்கள். அவர்கள் கைப்பக்குவத்தில் வந்த பன்றி இறைச்சி சாசேஜுக்கு அமெரிக்க விவசாயத் துறை ஓர் இலக்கணமே எழுதி வைத்திருக்கிறது: உப்பும் மிளகும் வேண்டும், பெருஞ்சீரகமோ ஆனிஸோ இருந்தே ஆக வேண்டும், கொழுப்பு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெருஞ்சீரகம் வேறெதுவும் இல்லை, நம் சோம்புதான். அன்று என் தங்கை வீட்டில் பாதி மணம் அஞ்சறைப்பெட்டி மணமாக இருந்ததற்குக் காரணம் அது.

வம்சாவளி இன்னும் பழையது. ரோமானியர்கள் 'லுகானிகா' என்று ஒரு சாசேஜைச் சாப்பிட்டார்கள். தென் இத்தாலியின் லுகானியா மக்களிடமிருந்து படைவீரர்கள் கற்றுக்கொண்டு வந்ததால் அந்தப் பெயர் என்று வர்ரோ என்ற ரோமானிய அறிஞர் எழுதி வைத்தார். கிரேக்கர்களின் லுகானிகோ, ஸ்பானியர்களின் லொங்கனீசா எல்லாம் அந்தப் பெயரின் பேரப்பிள்ளைகள்.

சாசேஜின் மேல்தோலைக் கீறி இறைச்சியை வெளியே எடுத்தால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். கடையில் வாங்கும் கைமா இப்படி ஒட்டாது. உப்புச் சேர்த்துப் பிசையும்போது தசையிலுள்ள மயோசின் என்ற புரதம் கரைந்து பசைபோல் வெளியே வருகிறது. சூடு பட்டதும் அந்தப் பசை இறுகி, கொழுப்பையும் நீரையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சூப்பில் அரை மணி நேரம் கிடந்தாலும் சாசேஜ் துண்டு துண்டாகவே நிற்கிறது. கைமா போட்டால் பொடியாக உதிர்ந்து அடியில் மணல்போல் தங்கிவிடும்.

இப்போது அடுப்பு. தங்கை அடிகனமான பாத்திரத்தை நன்றாகக் காயவைத்து ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டாள். அரைக் கிலோ சாசேஜைப் பிய்த்துப் போட்டாள், அதுவும் பாதிப் பாதியாக இரண்டு ஈடு. மொத்தமாகக் கொட்டினால் என்ன? ஒரு கிராம் நீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 420 ஜூல் வெப்பம் போதும். கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். இறைச்சியில் பாதிக்கு மேல் நீர். நெருக்கியடித்துப் போட்டால் அடுப்பு தரும் சூடு அத்தனையும் அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். அதுவரை பாத்திரத்தின் உள்ளே 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இறைச்சி தன் சாற்றிலேயே அவிந்து சாம்பல் நிறமாகும். நான் தண்ணீர் ஊற்றிச் செய்த தப்பை, தண்ணீர் ஊற்றாமலே செய்ததாகிவிடும்.

காதை வைத்துக் கேட்டாலே தெரியும். முதலில் தளதளவென்று ஈரமான சத்தம். நீர் வற்ற வற்ற அது சுருதி ஏறி, அப்பளம் பொரிவதுபோல் சடசடக்கும். சத்தம் மாறும் அந்த நொடியில் இறைச்சியின் மேற்பரப்பு 100ஐத் தாண்டுகிறது. 140 டிகிரியை நெருங்கும்போது புரதங்களின் அமினோ அமிலங்களும் இறைச்சியிலுள்ள சர்க்கரைகளும் வேகமாகக் கைகோர்க்கின்றன. பிரெஞ்சு மருத்துவரும் வேதியியலாளருமான லூயி கமில் மயார் 1912இல் இந்த வினையை விவரித்தார். மயார் வினை என்றே அதற்குப் பெயர். நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் பிறக்கும் இந்தச் சிக்கலான வலைக்கு ஒழுங்கான வரைபடம் போட்டவர் ஜான் ஹாட்ஜ். இல்லினாய் மாநிலம் பியோரியாவில் அமெரிக்க விவசாயத் துறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கறுப்பின வேதியியலாளர். 1953இல் அவர் எழுதிய கட்டுரையைத்தான் உணவு வேதியியலில் இன்றுவரை எடுத்துப் புரட்டுகிறார்கள். வினைக்குப் பெயர் மயாருக்குப் போய்விட்டது. ஹாட்ஜின் பெயர் அந்தத் துறைக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

100 டிகிரியிலும் இந்த வினை நடக்காமல் இல்லை. ஆனால் ஆமை வேகம். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு அது உதவாது.

இதே நேரத்தில் சாசேஜிலிருந்து கொழுப்பு உருகி வழிகிறது, கூடவே சோம்பின் வாசமும். சோம்பின் மணத்துக்கு மூலமான அனெத்தோல் நீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும், எண்ணெயில் தாராளமாகக் கரையும். தண்ணீரில் அவித்த சோம்பு அதன் மணத்தை ஆவியோடு பறிகொடுத்துவிடும். கொழுப்பில் வதங்கிய சோம்பு அதைச் சூப் முழுக்கக் கொண்டு சேர்க்கும். நாம் கடுகையும் சீரகத்தையும் எண்ணெயில் தாளிப்பதற்கும் இதே கணக்குதான்.

மிளகாய்க்கும் அப்படியே, அங்கேதான் குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் வேண்டும். மிளகாயின் காரத்துக்கு மூலமான காப்சாய்சினும் கொழுப்பில் கரைவது. உடலில் அது பூட்டுக்குச் சாவிபோல் போய்ப் பொருந்தும் இடம், சூட்டை உணரும் அதே ஏற்பி. 1997இல் அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய்த்தூள் ஒரு முறை கொழுப்பில் இறங்கிவிட்டால் சூப்பின் ஒவ்வொரு துளியிலும் காரம் இருக்கும்; திரும்ப எடுக்க வழியில்லை. காரமில்லாத சாசேஜை வாங்கிக்கொண்டு, மிளகாய்ச் செதில்களை மேசையில் தனியாக வைத்துவிடுவது வீட்டு அமைதிக்கு நல்லது.

சாசேஜை அள்ளித் தட்டில் வைத்துவிட்டு, அதே கொழுப்பில் ஒரு வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு தண்டு செலரி, எல்லாம் பொடியாக நறுக்கியது. இத்தாலியர்கள் இதை 'சொஃப்ரித்தோ' என்பார்கள். கடைசி நிமிடத்தில் பூண்டு. முன்னால் போட்டால் கருகிக் கசக்கும். பாத்திரத்தின் அடியில் இதற்குள் பழுப்பாக ஒரு படலம் பிடித்திருக்கும். தேய்க்க வேண்டுமே என்று கவலைப்படும் இடம் இது. ஆனால் சூப்பின் ருசியே அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதுதான் முதன்முறையாகத் தண்ணீர் வருகிறது, அரைக் குவளை மட்டும். மரக்கரண்டியால் சுரண்டினால் படலம் கரைந்து, திரவம் காப்பிக் கஷாய நிறத்துக்கு வரும்.

அதன் பிறகு ஒன்றேகால் லிட்டர் சிக்கன் ஸ்டாக், 400 கிராம் தக்காளி. இனி அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் 100 டிகிரிதான். ஆனாலும் ருசி கூட்ட வழி இருக்கிறது. டோக்கியோவில் வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்தெடுத்த சுவைப்பொருளான குளுட்டமேட், தக்காளியிலும் தாராளம். பன்றி இறைச்சியில் இருப்பது ஐனோசினேட் என்ற இன்னொரு சுவைப்பொருள். இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். இதோடு பார்மேசன் சீஸின் காய்ந்த விளிம்புத் துண்டு ஒன்றைப் போடுவார்கள் இத்தாலியப் பாட்டிமார். குறைந்தது 12 மாதம் பழுத்த அந்தச் சீஸில் புரதம் உடைந்து 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கும் அதிகமாகத் தனிக் குளுட்டமேட் சேர்ந்திருக்கும். விளிம்பில் மெழுகு கிடையாது. உலர்ந்து இறுகிய சீஸ்தான். குப்பைக்குப் போக வேண்டியது ஒரு பானை சூப்பைத் தூக்கி நிறுத்துகிறது.

வெள்ளை பீன்ஸ் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. காய்ந்த பீன்ஸைத் தக்காளியோடு சேர்த்து வேகவிட்டால் மணிக்கணக்கில் வேகாது. புளிப்பு, செல் சுவர்களைப் பிணைக்கும் பெக்டினைக் கரையவிடாமல் இறுக்கிவிடும். பருப்பு வெந்த பிறகே புளியைக் கரைத்து விடு என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானது. பச்சை பீன்ஸ் கொட்டைகளில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் உண்டு. சிவப்பு ராஜ்மாவில் அதிகம், வெள்ளையில் குறைவு. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கும் நீரில் அரை மணி நேரம் வேகவைத்தால் அழிந்துவிடும். ஸ்லோ குக்கரில் 80 டிகிரிக்குக் கீழேயே நாள் முழுக்கக் கிடந்தால் அழியாது, வீரியம் கூடவும் செய்யும். நேரமில்லாதவர்கள் டின்னில் அடைத்த பீன்ஸை வாங்கிக்கொள்ளலாம். அது ஏற்கெனவே வெந்தது.

அந்த டின்னுக்கும் சாசேஜுக்கும் ஒரு பழைய பகை உண்டு. லத்தீனில் 'பொத்துலுஸ்' என்றால் சாசேஜ். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்ட சாசேஜைத் தின்று பார்வை மங்கி, நாக்குக் குழறி, மூச்சடைத்துச் செத்தவர்களைப் பற்றி விரிவாக எழுதினார் யுஸ்டினுஸ் கெர்னர். மருத்துவர், கவிஞரும்கூட. அந்த நஞ்சின் சாற்றைத் தன் நாக்கிலேயே விட்டுப் பார்த்த துணிச்சல்காரர். 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஓர் இழவு வீட்டுச் சாப்பாட்டில் பன்றித் தொடை இறைச்சி சாப்பிட்ட வாத்தியக்காரர்களில் மூன்று பேர் இறந்தபோது, எமில் வான் எர்மெங்கம் என்ற நுண்ணுயிரியலாளர் அதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பிடித்தார். சாசேஜின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: பொட்டுலினம். அதன் நஞ்சு கொதிநீரில் சிதைந்துவிடும். விதைபோன்ற அதன் ஸ்போர்கள் 100 டிகிரிக்கு அசையாது. எனவேதான் பீன்ஸ் டின்களை ஆலையில் அழுத்தத்தில் 121 டிகிரி வரை ஏற்றுகிறார்கள். பிரஷர் குக்கர் செய்யும் அதே வித்தை. நம் சூப்பில் போடுவது பதப்படுத்தாத பச்சை சாசேஜ். அதைக் குளிரில் வைத்திருந்து, உள்ளே 71 டிகிரி வரும்வரை வேகவைத்தால் கவலையில்லை.

இருபது நிமிடம் சிறு தீ. தட்டில் வைத்த சாசேஜும் பீன்ஸும் உள்ளே போகின்றன. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கை கேல் கீரை, இல்லாவிட்டால் பசலை. முன்கூட்டியே போட்டால் தக்காளியின் அமிலம் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றி, கீரையை மங்கிய காக்கி நிறமாக்கிவிடும். நேப்பிள்ஸில் இறைச்சியும் கீரையும் சேர்ந்த சூப்புக்கு 'மினெஸ்ட்ரா மரிதாத்தா' என்று பெயர், மணமுடித்த சூப். இரண்டும் நன்றாக இணங்கிப் போவதைச் சொன்ன பெயர் அது. கடல் தாண்டியதும் 'வெட்டிங் சூப்' ஆகி, கல்யாண வீட்டுச் சூப் என்று அமெரிக்காவில் பலர் நம்புகிறார்கள்.

பாஸ்தாவை மட்டும் தனியாக வேகவைத்து, பரிமாறும்போது கிண்ணத்தில் போடுங்கள். சூப்பிலேயே கிடந்தால் அதன் மாவுச்சத்து இரவு முழுக்க நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் மிஞ்சுவது களி.

மிச்சம் நிச்சயம் இருக்கும். பெரிய பானையோடு ஆறட்டும் என்று இரவெல்லாம் அடுப்பில் விடக் கூடாது. 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தட்டையான டப்பாக்களில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தாள் தங்கை. காலையில் திறந்தபோது மேலே ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஆடை உறைந்திருந்தது, அடியில் சூப் லேசாகத் தளும்பியது. தளும்பல், ஸ்டாக்கில் எலும்பிலிருந்து இறங்கிய ஜெலட்டின். ஆரஞ்சு, தக்காளியின் லைகோபீன். அதுவும் நீரை வேண்டாமென்று கொழுப்பைத் தேடிப் போகிற ஜாதி. எண்ணெயோடு வெந்த தக்காளியிலிருந்து உடல் அதைக் கூடுதலாக எடுத்துக்கொள்வதும் அதனால்தான்.

சூப் தீர்ந்த பிறகு பிளாஸ்டிக் டப்பா மட்டும் ஆரஞ்சாகவே நின்றது. மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கொழுப்பை விட்டால் லைகோபீனுக்குப் பிடித்த இடம் பிளாஸ்டிக், சோப்புத் தண்ணீருக்கு அது இறங்கி வராது, இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும் என்று விளக்கினேன். ஜன்னலுக்கு வெளியே குவிந்திருந்த பனியைக் காட்டி, "வெயிலுக்கு எங்கண்ணா போறது?" என்றாள்.