கைத்தொலைபேசி மணி கேட்கவில்லையா?

தோட்டத்தில் நிற்கையில் மணியோசை கேட்காவிட்டால், காணிப் பதிவுக்கோ வைத்தியசாலைக்கோ வரச்சொல்லும் அழைப்புத் தவறிவிடும். பழுதென்று எண்ணிக் கடைக்குக் கொண்டுபோகுமுன் பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

முதலாவது, பக்கத்திலுள்ள பொத்தான் பல தொலைபேசிகளில் பாட்டின் ஒலியை மட்டுமே கூட்டும். ஆகவே 'அமைப்புகள்' பகுதியில் 'ஒலி' என்பதைத் திறந்து, மணியோசையின் அளவை முழுமையாகக் கூட்டுங்கள். 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்பது இயங்கினால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, ஒலிபெருக்கித் துளைகளைத் தூசியும் வியர்வையும் அடைத்திருக்கலாம். தொலைபேசியை நிறுத்தி, துளைகள் கீழ்நோக்க, உலர்ந்த மென்மையான பற்தூரிகையால் மெதுவாகத் துடையுங்கள். ஊசியாற் குத்த வேண்டாம், தண்ணீரும் படக்கூடாது.

மூன்றாவது, சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த சுருதியை உரத்து எழுப்ப இயலாது. நமது காதும் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான ஓசையையே மிக நன்றாக உணரும். எனவே மெல்லிய பாட்டை விட்டு, பழைய தொலைபேசி மணி போன்ற ஓசையைத் தெரிவுசெய்யுங்கள். முதியோருக்குக் கீச்சென்ற ஓசை கேட்பது குறைவு. அவர்களது தொலைபேசிக்கு அவர்களே கேட்டுத் தெரிவது நல்லது.

நான்காவது, சட்டைப்பையும் மடியும் ஓசையை அமுக்கிவிடும். வேலை நேரத்தில் நிழலில், ஈரமில்லாத வெறும் சட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். ஓசை திரண்டு மேலெழும்.

இத்தனை செய்தும் பயனில்லையாயின் ஒலிபெருக்கியே பழுதாயிருக்கலாம். அப்போது திருத்துபவரிடம் காட்டுங்கள்.