பில் இல்லாமல் கியர் ஆயில் மாற்றாதீர்கள்

இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிக்கப்பின் சொந்தக்காரரிடம், கியர் பாக்ஸ் ஆயிலும் பின் அச்சின் க்ரவுன் ஆயிலும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “எஞ்சின் ஆயில் கரெக்டா மாத்திடுறேண்ணா” என்று பதில் வரும். கேட்டது அதுவல்ல என்றால், “அது லீக் ஆனாத்தானே பார்க்கணும்?” என்பார்கள். கௌதள்ளியிலும் ராமாபுரத்திலும் மார்ட்டள்ளியிலும் இந்தப் பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது கௌதள்ளி. இதற்கு அப்பால் தாளபெட்டாவில் மலை ஏற்றம் தொடங்கிவிடும். ஏறி இறங்கினால் பாலாறு, பிறகு மேட்டூர். மக்காச்சோளமும் மஞ்சளும் ஏற்றிக்கொண்டு பிக்கப்புகள் ஓடுவது இந்தத் தடத்தில்தான். சமவெளியில் ஓடும் வண்டியின் கணக்கு இங்கே செல்லாது. வண்டியோடு வந்த கையேட்டில் ஆயில் மாற்ற ஒரு கிலோமீட்டர் கணக்கு இருக்கும். அதற்குப் பக்கத்திலேயோ அடியிலேயோ கடினமான உபயோகத்துக்கென்று குறைவான கணக்கு ஒன்றும் போட்டிருப்பார்கள். முழுப் பாரத்தோடு மலை ஏறும் வண்டிக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும். அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதே இல்லை.

நான் அடிக்கடி பார்க்கிற சங்கதி இது. பின் அச்சிலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. மெக்கானிக் ட்ரம்மிலிருந்து ஒரு லிட்டர் பிடித்து ஊற்றி, “இனி பயமில்லை” என்கிறார். காசு கைமாறுகிறது, காகிதம் எதுவும் மாறுவதில்லை. சில வாரத்தில் மலை ஏற்றத்தில் லோடோடு க்ரவுன் பினியன் பல் உடைகிறது. அப்புறம்தான் சண்டை. ஊற்றியது என்ன ஆயில், எத்தனை லிட்டர், எந்தத் தேதி என்று எதற்கும் ஆதாரம் கிடையாது. இன்ஷூரன்ஸ் கை கொடுக்கும் என்று நினைப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: வழக்கமான வாகன பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கப்பட்டவை. விபத்துக்குக் கிடைக்கிற பணம் இதற்குக் கிடைக்காது.

கடையில் “தொண்ணூறு நம்பர் குடு” என்று கேட்கிறோமே, அது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்கிறது. கேனில் ஜி.எல்-4, ஜி.எல்-5 என்று இன்னொரு குறிப்பும் இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். பின் அச்சுக்குள் பினியன், க்ரவுன் சக்கரத்தின் நடு மட்டத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் பல்லோடு பல் உருள்வது மட்டுமல்ல, கடுமையான அழுத்தத்தில் வழுக்கி உரசவும் செய்யும். சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்துபோகும். அதைத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரசும் அதிகம் சேர்த்த ஜி.எல்-5 வேண்டும். கியர் பாக்ஸின் கதை வேறு. அதற்குள் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்படுத்தும் பித்தளை வளையங்கள், மெக்கானிக்குகள் சொல்லும் சிங்க்ரோ ரிங், இருக்கும். பித்தளைக்கு அந்தக் கந்தகச் சேர்க்கை பல சமயம் ஒத்துக்கொள்ளாது. வழுக்கலும் கூடிவிடுவதால் கியர் விழாமல் மக்கர் செய்யும். ஆகவே பல மேனுவல் கியர் பாக்ஸுகளுக்கு ஜி.எல்-4 என்றே கம்பெனி சொல்கிறது. சில வண்டிகளுக்கு இரண்டிலும் ஒரே ஆயில் போதும். உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேடு சொல்லும். “எல்லா வண்டிக்கும் இதான் ஊத்துறோம்” என்று மெக்கானிக் சொல்வதைக் கேட்காதீர்கள். கையேடு தொலைந்துவிட்டால், வண்டி மாடலையும் சேஸிஸ் நம்பரையும் சொல்லி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். டீ குடிக்கப் போய்விடாதீர்கள். வண்டி கொஞ்ச தூரம் ஓடிச் சூடாக இருக்கும்போது சமதரையில் நிறுத்தி, முதலில் ஊற்றுகிற துளையின் நட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய வண்டியில் அது துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். அடி நட்டை முதலில் திறந்து பழைய ஆயிலையெல்லாம் வடித்துவிட்டு, அதற்கப்புறம் மேல் நட்டு அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அடி நட்டின் முனையில் காந்தம் இருந்தால் அதை விரலால் துடைத்துப் பாருங்கள். மையைப் போல வழவழவென்று சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம், பயப்பட வேண்டாம். நகத்தில் கீறினால் தட்டுப்படுகிற சில்லு, ஊசி போன்ற துணுக்கு, பல்லின் மூலை ஏதாவது வந்தால், புது ஆயில் ஊற்றி மூடிவிட்டுப் போகாதீர்கள். உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது, திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஆயில் மோர் போல வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் ஓடையில் வண்டியை இறக்கியவர்களுக்கு இது நடக்கும்.

புது ஆயிலை, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை நிரப்பினால் பெரும்பாலான வண்டிகளுக்குச் சரியான அளவு. வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அச்சின் மேல் சின்ன மூச்சுக்குழாய் ஒன்று இருக்கும். சேற்றில் அது அடைத்துப்போனால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாக ஆயில் வெளியே கசியும். ப்ரீதர் என்கிற அந்தத் துளையைச் சுத்தம் செய்கிற ஒர்க்‌ஷாப்பை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

அந்தக் கசிவைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன். சக்கரப் பக்கத்து சீல் போனால் ஆயில் நேரே ப்ரேக் ட்ரம்முக்குள் இறங்கி லைனரை நனைக்கும். மலை இறக்கத்தில், பாரத்தோடு, லைனரில் ஆயில். இதற்கு மேல் விளக்க வேண்டுமா? பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அன்றைக்கு மலைக்குப் போகாதீர்கள். கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவுகிற வண்டியையும் இறக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. நழுவினால் எஞ்சின் பிடிமானம் ஒரு நொடியில் போய்விடும். டீசல் மிச்சம் என்று வேண்டுமென்றே நியூட்ரலில் இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் அதே பிக்கப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டவிரோதம், இழப்பீட்டுக்கும் பெரிய சிக்கல். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அன்றைக்குப் பெயின்டும் ஒளிரும் பட்டையும் பார்க்கிற அதிகாரிகள், பின் சக்கரத்தின் உள்பக்கத்தையும் குனிந்து ஒரு முறை பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

“பழைய வண்டில ஆயிலைத் தொட்டா கியர் பாக்ஸ் போயிடும்” என்று ஒரு பேச்சு எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உலவுகிறது. மேனுவல் கியர் பாக்ஸுக்கு இதில் உண்மையில்லை. ஆயில் மாற்றிய பிறகு சத்தம் கேட்டால், அந்தத் தேய்மானம் முன்பே இருந்தது, கெட்டித்த பழைய ஆயில் அதை மறைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இதே மறைப்பை வைத்து வியாபாரமும் நடக்கிறது. பழைய பிக்கப்பை விற்கும் முன் ஊளைச் சத்தம் கேட்காமல் இருக்க நூற்று நாற்பது நம்பர் ஆயிலை ஊற்றுவார்கள், கிரீஸையும் கலப்பார்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் விலை பேசும் முன்பே இரண்டு நட்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

இனி காகிதம். ஆயிலை சீல் உடையாத கேனில்தான் வாங்க வேண்டும். கேன் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் வருஷமும், அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதி. ட்ரம்மிலிருந்து பிடித்துக் கொடுப்பதில் இது எதுவும் உங்கள் கைக்கு வராது. பில்லில் கடையின் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, உங்கள் பெயர், பொருளின் விவரம், அளவு இருக்க வேண்டும். இவற்றோடு ஆயிலின் கிரேடு, ஜி.எல். எண், வண்டி நம்பர், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை என்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. “பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும்” என்று கடைக்காரர் சொன்னால், சேரட்டும் என்று சொல்லுங்கள். அந்தச் சில நூறு ரூபாய்தான் பின்னால் உங்கள் கேஸ்.

வடித்த பழைய ஆயிலிலும் ஊற்றிய புது ஆயிலிலும் கொஞ்சம் தனித்தனியாகச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, தேதியும் வண்டி நம்பரும் ஒட்டி வையுங்கள். காலிக் கேனையும் எறியாதீர்கள். கேன், நட்டு, மீட்டர் மூன்றையும் போனில் படமெடுங்கள்.

பிரச்சினை வந்தால் முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அதில் தீராவிட்டால் கடைக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து, ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இந்த ஊர்க்காரர்கள் இன்னும் “மைசூர் போகணும்” என்று சொல்லி அலைகிறார்கள். கௌதள்ளி இருக்கிற ஹனூர் தாலுகா சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டம் 1997-லேயே மைசூரிலிருந்து பிரிந்துவிட்டது. ஆயில் வாங்கியது மைசூரிலோ கொள்ளேகாலிலோ மேட்டூரிலோ இருக்கட்டும், நீங்கள் குடியிருக்கிற இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. ஆகவே சாமராஜநகர். இ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவும் பதியலாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று மெக்கானிக் இழுத்தடிக்கும் மாதங்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுக்கிற ஆயுதம், “இது வாடகை வண்டி, வியாபார நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை” என்பது. இதைக் கேட்டவுடன் பலர் வழக்கை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995-ல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உதாரணம் காட்டியே சொன்னது. துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருள் வியாபார நோக்கத்தில் சேராது என்ற விளக்கம் இப்போதைய சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே மனுவிலேயே எழுதுங்கள்: வண்டி ஒன்றுதான், ஓட்டுவது நான்தான், குடும்பத்துக்கு வருமானம் இதுதான் என்று. கூடவே ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் ஆர்.சி. நகலையும் இணையுங்கள். இந்த வரிகளை எழுதாமல் போட்ட மனு முதல் வாய்தாவிலேயே தடுமாறும். நாலைந்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டுகிறவருக்கு இந்தக் கதவு திறக்காது, அவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஆயிலே போலி என்று சந்தேகம் இருந்தால், சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். ஆணையம் மாதிரியை சீல் வைத்து அனுப்பும், சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பாட்டிலில் எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். எடுத்து வைக்காமல் போய் நின்றால் ஆணையமும் ஒன்றும் செய்ய முடியாது. தீர்ப்பு எதிராக வந்தால் 45 நாளுக்குள் பெங்களூரில் உள்ள மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். இவ்வளவு எளிய வழி இருந்தும் ஹனூர், கொள்ளேகால் அலுவலகங்களுக்கு வரும் ஜனங்கள் இதை அறியாமலே திரும்புகிறார்கள். தாலுகா அலுவலகச் சுவரில் 1915 என்று பெரிதாக எழுதி வைக்க எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

வடித்த பழைய ஆயிலை ஓடையிலும் ஊற்றாதீர்கள், மாட்டுக்கொட்டகை மரத்திலும் பூசாதீர்கள். சுற்றிலும் மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயம், ஓடைகள் காவிரிக்குப் போகின்றன. 2016-ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளின்படி உபயோகித்த ஆயில் அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குத்தான் அது போக வேண்டும். சொந்தமாக வீட்டில் மாற்றுகிறவர்கள் பழைய கேனிலேயே பிடித்து மூடி, ஆயில் சேகரித்து அனுப்புகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சோதனைக்கு எடுத்து வைத்த பாட்டிலை மட்டும் அந்த 2 வருஷம் முடியும் வரை கொடுத்துவிடாதீர்கள்.