தொப்பிப் பெட்டியில் கிடந்த கதை!

5 கம்பெனிகள் திருப்பி அனுப்பின. 6-வது கம்பெனி வாழ வைத்தது

அந்தச் சிறுமிக்கு வயது 9. கையில் ஒரு காகிதம். அதில் அவள் எழுதிய கவிதை. இலையுதிர் காலத்தைப் பற்றிப் பாடியிருந்தாள்.

தூர தேசத்தில் இருந்த அப்பா மகளைப் பார்க்க வந்திருந்தார். அவரிடம் ஓடினாள். ஆசையோடு வாசித்துக் காட்டினாள்.

அப்பா கேட்டார். பிறகு, "இது கவிதை மாதிரியே தெரியவில்லையே!" என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார்.

சிறுமியின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. எதுகை இல்லாமல் எழுதியதுதானே குற்றம்? அன்று முதல் எதுகை வைத்தே எழுத ஆரம்பித்தாள்!

அவள் பெயர் லூசி மாட் மாண்ட்கோமெரி. வீட்டில் "மாட்" என்று கூப்பிடுவார்கள். பின்னாளில் உலகம் முழுவதும் குழந்தைகளும் பெரியவர்களும் விரும்பிப் படித்த ஒரு நாவலை எழுதியவர் இவர்தான். அந்த வெற்றி ஒரே நாளில் வந்துவிடவில்லை. சின்னச் சின்ன சந்தோஷங்களாக, துளித் துளியாக வந்தது.

தாயில்லாக் குழந்தை

கனடா நாட்டின் கிழக்குக் கோடியில் பிரின்ஸ் எட்வர்ட் தீவு இருக்கிறது. செம்மண் பூமி. விவசாயமும் மீன் பிடிப்பதும் அங்கு முக்கியத் தொழில்கள். 1874-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி மாட் அங்கே பிறந்தாள்.

குழந்தைக்கு 2 வயது நிறைவதற்குள் தாய் காச நோயால் இறந்துவிட்டாள். தகப்பனார் பிழைப்புத் தேடி நாட்டின் மேற்குப் பகுதிக்குப் போய்விட்டார். கேவண்டிஷ் என்ற கிராமத்தில் இருந்த தாய்வழித் தாத்தாவும் பாட்டியும் குழந்தையை வளர்த்தார்கள். இருவரும் கண்டிப்பானவர்கள்.

அந்த வீட்டில் ஒரு விசேஷம் உண்டு. ஊர்த் தபால் ஆபீஸ் அந்த வீட்டிலேயே இருந்தது!

கிராமத்தில் வெள்ளைக் காகிதம் சுலபத்தில் கிடைக்காது. தபால் பையோடு சில நீளமான ரசீதுத் தாள்கள் வரும். வேலை முடிந்ததும் அவற்றை யாரும் சீண்ட மாட்டார்கள். தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். மாட் அவற்றையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்வாள். அவளுடைய முதல் கவிதைகளும் கதைகளும் பிறந்தது அந்தத் தாள்களின் முதுகில்தான்.

முதல் பாராட்டு

மாட் கொஞ்சம் வளர்ந்தாள். "மாலைக் கனவுகள்" என்று ஒரு பாட்டு எழுதினாள். அது நன்றாக இருக்கிறதா? யாரைக் கேட்பது? "நான் எழுதினேன்" என்று சொல்ல வெட்கம்.

அப்போது பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தார். மாட் அவரிடம் போனாள். "மாலைக் கனவுகள் என்ற பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். இரண்டொரு அடிகளைச் சொல்லியும் காட்டினாள்.

பாட்டு தனக்குத் தெரியாது என்றார் ஆசிரியை. ஆனால் வார்த்தைகள் அழகாக இருப்பதாகச் சொன்னார்.

அது போதாதா! எழுதியது யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. ஆகவே அது முகஸ்துதி அல்ல. மனதாரச் சொன்ன பாராட்டு. சிறுமிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தத் துணிச்சலில் பாட்டை ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்கு அனுப்பினாள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்ற வழக்கம் அவளுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள். திருப்பி அனுப்பத் தபால் தலை வைக்க வேண்டும் என்பதும் தெரியாது. பத்திரிகை ஆசிரியர் நல்ல மனிதர். தபால் தலை இல்லாதபோதும் திருப்பி அனுப்பினார். ஆம், பாட்டு திரும்பி வந்துவிட்டது!

அச்சில் வந்த பெயர்

1890-ம் ஆண்டில் மாட் தகப்பனாருடன் வாழப் போனாள். பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற ஊர். பல நாள் ரயில் பயணம். தகப்பனார் மறுமணம் செய்திருந்தார். சிற்றன்னைக்கும் மாட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டு வேலைக்காக அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்ட நாட்களும் உண்டு. ஊர் நினைவு அவளை வாட்டியது.

அந்த ஏக்கத்தில், சொந்தத் தீவில் வழங்கிய ஒரு பழங்கதையைப் பாட்டாக எழுதினாள். தீவின் தலைநகரான சார்லட்டவுனில் நடந்த ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். அந்த ஆண்டு நவம்பர் 26-ந் தேதி அது வெளிவந்தது. பத்திரிகை ஊரைக் கடந்து, மலையைக் கடந்து அவள் கைக்கு வந்து சேர்ந்தது.

தன் பெயரை அச்சில் பார்த்தாள். எழுத்துக்கள் கண் முன்னால் கூத்தாடின. அப்போது அவளுக்கு வயது 16. தகப்பனாருக்கும் பெருமை தாங்கவில்லை. கவிதை மாதிரி இல்லை என்று சொன்ன அதே அப்பாதான்!

மறு வருஷம் அவள் கேவண்டிஷ் கிராமத்துக்கே திரும்பிவிட்டாள்.

கம்பளிக் கோட்டும் பேனாவும்

பிறகு சார்லட்டவுனில் ஆசிரியர் பயிற்சி பெற்றாள். அங்கே படித்தபோது நியூயார்க் பத்திரிகை ஒன்று அவளுடைய பாட்டை ஏற்றுக்கொண்டது. அதற்குச் சன்மானம் என்ன தெரியுமா? பணம் அல்ல. அந்தப் பத்திரிகையையே 2 சந்தாக்களுக்கு இலவசமாக அனுப்பி வைத்தார்கள்! அதுவே அவளுக்குப் பெரிய சம்பாத்தியமாகத் தோன்றியது.

மாட் ஆசிரியை ஆனார். சேர்த்த சம்பளத்தையும் பாட்டி கொடுத்த பணத்தையும் வைத்துக்கொண்டு ஹாலிபாக்ஸ் நகரக் கல்லூரியில் ஓராண்டு படித்தார். அங்கே 1896-ம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது. பிலடெல்பியாவில் நடந்த சிறுவர் பத்திரிகை அனுப்பியது. பிரித்தார். உள்ளே 5 டாலர் செக்!

பேனா சம்பாதித்த முதல் பணம் அது. பூட்ஸ் வாங்கலாம், கையுறை வாங்கலாம். இரண்டும் தேவையாகத்தான் இருந்தன. ஆனால் மாட் புத்தகக் கடைக்குப் போனார். டென்னிசன், மில்டன், பைரன் முதலிய கவிஞர்களின் நூல்களாக 5 புத்தகங்கள் வாங்கினார். அந்த நாளின் நினைவாக ஆயுள் முழுவதும் வைத்திருக்கக் கூடிய பொருள் வேண்டும் என்று எண்ணினார்.

அடுத்து ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வேலை. பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு வந்தால் இரவில் எழுதத் தெம்பு இருக்காது. ஆகவே விடியற்காலம் 6 மணிக்கு எழுந்திருப்பார். பனிக் காலம். வீட்டில் கணப்பு மூட்டியிருக்க மாட்டார்கள். கனமான கோட்டைப் போட்டுக்கொள்வார். கால் விறைத்துப் போகாமல் இருக்க அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். விரல் மரத்துப் போகும். ஆனாலும் எழுதுவார்.

1901-ம் ஆண்டில் ஹாலிபாக்ஸ் தினசரி ஒன்றில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. ஒரு முறை, நீண்டுகொண்டே போன ஒரு தொடர்கதையைச் சுருக்கும்படி சொன்னார்கள். மாட் கத்தரிக்கோலை எடுத்தார். முத்தங்களில் பாதிக்கு மேல் போயிற்று. வர்ணனைகள் அடியோடு போயின. கதை சட்டென்று முடிந்துவிட்டது. வாரக்கணக்கில் நகராமல் கிடந்த கதை திடீரென்று முடிந்துவிட்டதே என்று ஒரு பெண் ஆச்சரியப்பட்டுப் பேசியது மாட்டின் காதிலேயே விழுந்ததாம்!

தபால் ஆபீஸ் ரகசியம்

தாத்தா 1898-ம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். அவர் எழுதிய உயில்படி வீடு மாட்டின் மாமனுக்குச் சேர வேண்டியது. பாட்டி தனியாக இருக்க முடியாது. பேத்தி துணைக்கு இருந்தால்தான் அந்த வீட்டில் காலம் தள்ளலாம். ஆகவே மாட் ஆசிரியை வேலையை விட்டார். பத்திரிகை வேலையையும் ஓராண்டுக்குள் விட்டார். பாட்டிக்குச் சமைத்துப் போட்டு, தபால் ஆபீஸையும் கவனித்துக்கொண்டார். பாதிரியார் ஒருவருடன் திருமணம் நிச்சயமான பிறகும், பாட்டி இருக்கும் வரை காத்திருப்பது என்று முடிவு செய்தார்.

அந்தத் தபால் ஆபீஸ் அவருக்குப் பெரிய உதவி செய்தது. அது எப்படி?

சிறிய ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும். "மாட்டின் கதை மறுபடியும் திரும்பி வந்துவிட்டது" என்று நாலு பேர் சிரித்தால் மனம் என்ன ஆகும்? ஆனால் கதைகளை அனுப்புவதும் அவரே; திரும்பி வந்த கட்டுகளை எடுப்பதும் அவரே. தோல்வி யாருக்கும் தெரியாது. மறுபடியும் ஒரு உறையில் போட்டு வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்.

ஒரு நாள் பழைய குறிப்பு நோட்டைப் புரட்டினார். முன்பு எப்போதோ எழுதி வைத்த ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. வயதான இருவர் அனாதை விடுதியிலிருந்து ஒரு பையனைக் கேட்கிறார்கள். தவறுதலாக ஒரு பெண் குழந்தை வந்துவிடுகிறது. இவ்வளவுதான் குறிப்பு!

அதை வைத்து நாவல் எழுத ஆரம்பித்தார். 1905-ம் ஆண்டில் வீட்டு வேலை முடிந்த மாலை நேரங்களில் மாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதினார். பிறகு தாமே டைப் அடித்தார். பழைய டைப்ரைட்டர் அது. பெரிய எழுத்துக்கள் தெளிவாக விழாது. "டபிள்யூ" என்ற எழுத்து விழவே விழாது!

ஒன்றல்ல, ஐந்து!

நாவலை ஒரு கம்பெனிக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. இரண்டாவது கம்பெனி, மூன்றாவது கம்பெனி என்று மொத்தம் 5 கம்பெனிகள் திருப்பி அனுப்பிவிட்டன. நான்கு பேர் அச்சடித்த மறுப்புத் தாளை வைத்து அனுப்பினார்கள். ஐந்தாமவர், கதையில் ஏதோ கொஞ்சம் நன்மை இருக்கிறது. ஆனால் வெளியிடும் அளவுக்கு இல்லை என்று எழுதினார். மறுப்புத் தாளைவிட அதுதான் மாட்டை அதிகம் சுட்டது.

மனம் விட்டுப் போயிற்று. பழைய தொப்பிப் பெட்டி ஒன்றில் நாவலைப் போட்டு மூடி வைத்தார்.

மாதங்கள் ஓடின. ஒரு குளிர் காலத்து நாளில் எதையோ தேடும்போது அந்தப் பெட்டி கைக்கு வந்தது. சும்மா புரட்டினார். படித்தார். இன்னும் படித்தார். அவ்வளவு மோசமாக இல்லையே! கதையைச் சுருக்கி ஏதாவது பத்திரிகைக்கு விற்றால் 35, 40 டாலராவது கிடைக்கும் என்று முதலில் நினைத்தார். பிறகு, "இன்னும் ஒரே ஒரு முறை பார்ப்போம்" என்று பாஸ்டன் நகரக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பினார்.

1907-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதில் வந்தது. நாவலை ஏற்றுக்கொண்டார்கள்!

கையில் வந்த புத்தகம்

1908-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி புத்தகம் மாட்டின் கைக்கு வந்தது. அச்சு மை மணக்கும் புதுப் புத்தகம். பெயர் "ஆன் ஆப் கிரீன் கேபிள்ஸ்". 5 மாதத்தில் 19 ஆயிரம் பிரதிகள் விற்றன. புகழ் பெற்ற எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் அந்தக் கதைச் சிறுமியை மெச்சிக் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் பல மொழிகளில் பெயர்த்தார்கள். 1952-ம் ஆண்டு ஜப்பானிய மொழியில் வந்தபோது அந்த நாட்டுப் பெண்கள் ஆன் என்ற சிறுமியைத் தங்கள் தோழியாகவே எண்ணிக்கொண்டார்கள்.

புகழ் வந்த பிறகும் மாட் பாட்டியை விட்டுப் போகவில்லை. 1911-ம் ஆண்டு மார்ச்சில் பாட்டி இறந்தார். ஜூலையில்தான் மாட் திருமணம் செய்துகொண்டார். 1942-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி காலமானார். அவர் வளர்ந்த கேவண்டிஷ் கிராமத்திலேயே அடக்கம் செய்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் பல நாட்டு மக்கள் அந்தக் கிராமத்தைத் தேடி வருகிறார்கள்.

முதல் புத்தகத்தை அவர் யாருக்குக் காணிக்கை ஆக்கினார் தெரியுமா? தாய்க்கும் தந்தைக்கும்! தாய் முகம் அவருக்குச் சரியாக நினைவில்லை. தந்தை 1900-ம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். கவிதை மாதிரியே இல்லை என்று அன்று சொன்ன அப்பா, மகளின் நாவலைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஆனால் புத்தகத்தின் முன் பக்கத்தில் அவர் இருக்கிறார்.