சர்வருக்கு வயசாவது எப்படி?

மணலி, மாதவரம், திருவொற்றியூர் சுற்றுவட்டாரத்துக் கன்டெய்னர் யார்டுகளில் எடைமேடையை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கும். உள்ளே ஓர் இண்டிகேட்டர், ஒரு கம்ப்யூட்டர், சீட்டு அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். ட்ரெய்லர் மேடையேறி நின்றதும் அடியிலுள்ள லோட் செல்கள் தரும் மின்னழுத்தத்தை இண்டிகேட்டர் கிலோவாக மாற்றும். ஒன்பது முள் சீரியல் கேபிள் அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும். அந்தச் சீட்டுக்கு 2016 ஜூலை 1 முதல் மதிப்பு கூடிவிட்டது. சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் எந்த ஏற்றுமதிக் கன்டெய்னரையும் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சோலாஸ் (கடற்பாதுகாப்பு ஒப்பந்த) விதி அன்றுதான் அமலுக்கு வந்தது. தவறான எடை சொல்லி ஏற்றிய பெட்டிகளால் கப்பல்கள் பட்ட பாடு அதற்குக் காரணம்.

ஆர்எஸ்-232 என்ற அந்த சீரியல் முறை 1960-இல் வந்தது. இண்டிகேட்டர்கள் இன்னமும் அதைத்தான் பேசுகின்றன. புதுக் கம்ப்யூட்டரில் அந்த போர்ட் இருப்பதில்லை என்பதால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் யுஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுவார்கள். சில கன்வெர்ட்டர்களைப் புது விண்டோஸில் செருகினால் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வாசகம் வரும்: இந்தச் சிப் 2012-லேயே கைவிடப்பட்டது, விற்றவரைத் தொடர்பு கொள்ளுங்கள். ப்ரோலிஃபிக் நிறுவனத்தின் பழைய பிஎல்2303 சிப்புக்குக் கிடைக்கும் பதில் அது. அதே கன்வெர்ட்டரைப் பக்கத்து லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகினால் எடை ஒழுங்காக வந்து விழுகிறது.

சிப்பில் கோளாறு எதுவும் இல்லை. போலிச் சிப்புகள் சந்தையில் பெருகியதும், அவற்றைத் தடுக்க நிறுவனம், சிப்பைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் தன் டிரைவர் நிரலையே இறுக்கியது. அசல் பழைய சிப்பும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. அதே வகைச் சிப்புகள் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே போனது. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலிச் சிப்பைக் கண்டதும் சிப்புக்குள் பதிந்திருந்த பொருள் எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. எண் போனதும், வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் அது என்ன பொருள் என்று தெரியாமல் போயிற்று. கண்டனம் கிளம்பியதும் சில நாட்களில் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். போலி விற்றவன் எங்கோ இருக்க, காசு கொடுத்து வாங்கியவனுக்கு அடி விழுந்தது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டருக்குள் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் இப்படி ஓர் எண் உண்டு. சர்வருக்கு மின்சாரம் கொடுத்ததும் ஓ.எஸ். செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, உறுப்புகளை இணைக்கும் பிசிஐ தடங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது. ஒரு தொகுதியில் 256 தடம், தடத்துக்கு 32 இடம், இடத்துக்கு 8 பிரிவு. ஆக 65,536 கதவுகள். ஒரு கதவைத் தட்டினால் முதல் நான்கு பைட்டில் இரண்டு எண்கள் வர வேண்டும்: செய்தவர் யார், பொருள் எது. ஆளில்லாத இடத்தில் தட்டினால் எல்லா பிட்டும் 1 என்று திரும்பும். இன்டெலின் எண் 8086. 1978-இல் வந்த தன் புகழ்பெற்ற பிராசசரின் பெயரையே அந்த நிறுவனம் வைத்துக்கொண்டது. டெல் 1028. டிஸ்க் கார்டுகளுக்குச் சிப் செய்யும் எல்எஸ்ஐ 1000.

துறைமுகக் கேட்டில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். கன்டெய்னரின் மீதுள்ள மூன்று எழுத்து உரிமையாளர் யார் என்று சொல்லும், நான்காவது எழுத்து வகையைச் சொல்லும், பின்னால் வரும் ஆறு இலக்கம் பெட்டியைச் சொல்லும், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. கேட்டில் இருப்பவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. எண் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. வந்த எண் அதில் இருந்தால் டிரைவர் பொறுப்பை ஏற்கும், இல்லாவிட்டால் அந்த உறுப்பு அங்கே இருந்தும் இல்லாததுதான்.

பட்டியலில் எண் இல்லாதது பெரிய தலைவலியானது 2024 ஜூன் 30-க்குப் பிறகு. அன்றோடு சென்ட்ஓஎஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. செலவில்லாத, நம்பிக்கையான ஓ.எஸ். என்று சின்ன நிறுவனங்களின் கணக்கு, ஸ்டோர், கேட் பதிவு எல்லாம் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த தலைமுறைக்குப் போகலாம் என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல் ஆர்710-இல் புது ஓ.எஸ். போட்டுப் பார்த்தால், இன்ஸ்டாலர் தொடங்குகிறது, மொழி கேட்கிறது, நேரம் கேட்கிறது, பிறகு டிஸ்க்கே இல்லை என்கிறது. ஆறு டிஸ்க்கும் பச்சை விளக்கோடு முன்னால் சுழன்றுகொண்டிருக்கின்றன. டிஸ்க் செத்துவிட்டதென்று புது டிஸ்க் வாங்கிப் பணத்தை விடுபவர்களும் உண்டு.

ஆர்710 வந்தது 2009-இல். அந்தத் தலைமுறை சர்வர்கள் பலவற்றில் டிஸ்க்குகளை மேய்ப்பது பெர்க் 6/ஐ கார்டு. அதன் எண் 1000:0060. சென்ட்ஓஎஸ்ஸுக்கு மூலமான லினக்ஸை விற்கும் ரெட் ஹேட் நிறுவனம் 2019-இல் அதன் எட்டாம் பதிப்பை வெளியிட்டபோது, டிஸ்க் கார்டுக்கான மெகாரெய்டு டிரைவரை நீக்கவில்லை. டிரைவருக்குள் இருந்த பட்டியலில் 1000:0060 போன்ற சில வரிகளை மட்டும் அடித்துவிட்டது. வேலை செய்யும் நிரல் அப்படியே இருக்கிறது. எல்லோருடைய பதிப்புக்கும் அடிப்படையான லினக்ஸின் மூலக் கர்னலில் அந்த எண்ணும் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பதிப்பில் மட்டும் அந்த வரி இல்லை.

ரெட் ஹேட்டைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் விற்பது நிரலை அல்ல, பத்து வருட உத்தரவாதத்தை. ஓர் எண் பட்டியலில் இருக்கிறதென்றால், அந்தக் கார்டைச் சோதனைச் சாலையில் மாட்டி ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும், உதிரி வேண்டும், செய்த நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். வெளியீட்டுக் குறிப்புகளில் யாரும் படிக்காத கடைசிப் பக்கங்களில் இந்த நீக்கங்கள் எல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. என் பார்வையில் அந்தக் குறிப்பிலேயே மிக முக்கியமான பக்கங்கள் அவைதான்.

லினக்ஸின் மூலக் கர்னலிலும் பெயர் அடிக்கப்படுவதுண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதியதே இன்டெல் 386 கம்ப்யூட்டரில். 2013-இல் வந்த 3.8 பதிப்பில் அந்த 386-க்கே இடமில்லை. பூட்டிய நினைவகப் பக்கத்தில் கர்னலே எழுதப் போனால் 386 தடுக்காது. 486-இல்தான் அந்தக் காவல் வந்தது. இந்த ஒரு குறைக்காக ஆங்காங்கே ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு நிரல் சிக்கலாகிக்கொண்டே போனது. தனக்கு அதில் உருக்கம் எதுவும் இல்லை என்று டோர்வால்ட்ஸ் சொல்லிவிட்டார். இட்டானியம் கதை வேறு மாதிரி. 2001-இல் பெரிய எதிர்பார்ப்போடு வந்த சர்வர் பிராசசர் அது. கடைசிச் சரக்கு 2021-இல் போனது. 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பிலிருந்து அதன் நிரல் எடுக்கப்பட்டது. புது மாற்றங்களை இட்டானியத்தில் ஓட்டிப் பார்த்துப் பராமரிப்பவர் இல்லை என்பதே காரணம். நீக்கிய பிறகு, எங்களிடம் இருக்கிறது என்று சிலர் வந்தார்கள்.

அதாவது ஓர் இயந்திரம் பட்டியலில் நீடிக்க வேண்டுமென்றால், எங்கோ ஒருவர் அதை ஓட்டிப் பார்த்து, ஓடுகிறது அல்லது ஓடவில்லை என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஈஎல்ரெப்போ என்ற தன்னார்வக் குழு, அடிக்கப்பட்ட எண்களைத் திரும்பச் சேர்த்து டிரைவர்களைத் தயாரித்துத் தருகிறது. இன்ஸ்டால் செய்யும்போதே பென் டிரைவில் கொடுத்தால் காணாமல் போன டிஸ்க்குகள் தெரியும். ரெட் ஹேட் பதிப்பையொட்டித் தயாராகும் செலவில்லாத ஓ.எஸ்.ஸான அல்மாலினக்ஸ், 2024 மே மாதம் வெளியிட்ட 8.10, 9.4 பதிப்புகளில் இப்படிப் பல பழைய கார்டுகளைத் தானாகவே திரும்பச் சேர்த்துக்கொண்டது.

பிராசசர் விஷயத்தில் இவ்வளவு இளக்கம் கிடையாது. டிரைவர் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் கார்டு ஓடிவிடும். பிராசசரில் இல்லாத கட்டளையைச் சேர்க்க முடியாது. ரெட் ஹேட்டின் ஒன்பதாம் பதிப்பு 2008-ஐ ஒட்டி வந்த நெஹாலம் தலைமுறைக் கட்டளைகளைக் கேட்கிறது; ஆர்710 அதில் தேறிவிடும். 2025-இல் வந்த பத்தாம் பதிப்போ 2013-இன் ஹாஸ்வெல் தலைமுறையைக் கேட்கிறது; அங்கே ஆர்710 நின்றுவிடும். அல்மாலினக்ஸ் பத்தாம் பதிப்பைப் பழைய கட்டளைகளுக்கும் தனியாகத் தயாரித்துத் தருவதால் ஒரு சந்து மிச்சம் இருக்கிறது.

இதுவரை சொன்னது காகிதத்து வயசு. எண்ணூர்ப் பக்கம் இரும்புக்கே வேறொரு வயசு ஓடுகிறது. ஒரு பக்கம் கடல் உப்பு. இன்னொரு பக்கம் மணலியின் சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டில் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள். நடுவே கழிவுநீர் தேங்கும் பக்கிங்காம் கால்வாய். தேங்கிய சாக்கடையிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு எழும். கந்தக வாயு செம்பையும் வெள்ளியையும் தின்னும், ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். இதை அளக்க ஐஎஸ்ஏ 71.04 என்றொரு தரநிலை உண்டு. செம்புத் தகடும் வெள்ளித் தகடும் ஒரு மாதம் சர்வர் அறையில் தொங்கவிடப்படும். மாதத்துக்குச் செம்பில் 30 நானோமீட்டருக்கும் வெள்ளியில் 20 நானோமீட்டருக்கும் குறைவாகப் படலம் படிந்தால் அறை சாது. தாண்டினால் உபகரணத்துக்கு ஆபத்து தொடங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 2006 ஜூலை 1-இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குத் தடை போட்டது. அதற்கு முந்தைய போர்டுகளின் செம்புத் தடங்கள் மேல் வெள்ளீயமும் ஈயமும் கலந்த பூச்சு இருக்கும். கந்தகக் காற்றை அது நன்றாகவே தாங்கியது. தடைக்குப் பின் பல போர்டுகளுக்கு மெல்லிய வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகம் மிகுந்த ஊர்களில் அந்தப் பூச்சின் இடுக்கு வழியே செம்பு சல்பைடு வளர்ந்து, போர்டின் மேல் கறையாக ஊர்ந்து, பக்கத்துத் தடத்தைத் தொட்டு ஷார்ட் அடிக்கும். ஆக இந்த வட்டாரத்தில், காகிதத்தில் கிழடாகிவிட்ட சர்வர் உடம்பில் திடமாக இருக்கலாம். எல்லாப் பட்டியலிலும் பெயர் உள்ளது நோயாளியாக இருக்கலாம்.

அதனால் செகண்ட் ஹேண்ட் சர்வர் வாங்கப் போனால் கடையிலேயே இரண்டு வயசையும் பார்த்துவிடலாம். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து எல்எஸ்பிசிஐ கட்டளையை எண்கள் தெரியும்படி ஓட்டி, டிஸ்க் கார்டின் இரட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு, போடப் போகும் ஓ.எஸ்.ஸின் நீக்கப் பட்டியலில் தேடுங்கள். பிறகு மூடியைக் கழற்றி, கனெக்டர்களின் ஓரத்திலும் போர்டின் சின்னத் துளைகளைச் சுற்றியும் டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டியல் பிரச்சினை என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், ஈஎல்ரெப்போ இருக்கிறது. துளையைச் சுற்றிக் கறுப்புக் கறை ஊர்ந்திருந்தால் பேரமே வேண்டாம், அடுத்த கடைக்குப் போய்விடலாம்.