வீட்டுச் சிலந்திகளும் விஷக்கடியும்

சிலந்தியில்லாத வீடு கிராமங்களில் அரிது. நெல்மூட்டைகளின் இடுக்கிலும், விறகடுக்கிலும், ஓட்டுக் கூரையின் கீழும், மாட்டுத் தொழுவத்திலும் அவை குடியிருக்கின்றன. கண்டவுடன் துடைப்பத்தால் அடித்துவிடுவதும், உடம்பில் கொப்புளம் எழுந்தால் சிலந்தியின் மேலேயே பழி சுமத்துவதும் வழக்கமாயிருக்கின்றன. இதனால் கேடுகள் இரண்டு. தீங்கற்ற பிராணி மடிவது ஒன்று. மெய்யான அபாயம் கவனியாமற் போவது மற்றொன்று. பின்னதே பெரிது.

உலகில் விவரிக்கப்பெற்ற சிலந்தி இனங்களின் தொகை 2022-ஆம் ஆண்டில் 50,000-ஐ எட்டியது. ஏறக்குறைய எல்லாவற்றிற்கும் விஷம் உண்டு. ஆயின் அது பூச்சிகளை அடக்குவதற்கே அமைந்தது; மனிதருக்குத் தீங்கு செய்ய வல்லவை மிகச் சிலவே. சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு விரைந்தோடும், காலை விரித்தால் உள்ளங்கையளவு தோன்றும் சிலந்தி, வீட்டுக் கரப்பான்களைத் தின்பது. வட்டமான முட்டைப்பையை வயிற்றின் கீழ் ஏந்திச் செல்வது அதன் பெண். நெல்வயலில் வலை பின்னாது ஓடி இரைதேடும் ஓநாய்ச் சிலந்தியோ, நாளொன்றுக்கு 5 முதல் 15 புகையான் பூச்சிகள் வரை உண்டு, விவசாயிக்குக் கூலியில்லாத காவலாளாக விளங்குகிறது.

கவனிக்கத்தக்கது, மரப்பொந்துகளிலும் பட்டை இடுக்குகளிலும் வாழும் ரோமம் அடர்ந்த பெருஞ்சிலந்தி. அச்சுறுத்தினால் முன்கால்களை உயர்த்தி, அடிப்புறத்து மஞ்சள் பட்டைகளைக் காட்டும். வெட்டுமரத்துடனோ, பழைய கூரை வழியாகவோ வீட்டினுள் வந்துவிடுவதுண்டு. இது கடித்தால் மிகுந்த வலி உண்டாகும். பல மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்புத் தோன்றிச் சிலருக்கு நாட்கணக்கில் நீடிக்கும். எனினும் இக்கடியால் உயிரிழப்பு நேர்ந்ததாக உறுதிப்பட்ட செய்தி இல்லை. இவ்வகையில் இராமேசுவரத்தில் கண்ட இனமொன்று 2004-ஆம் ஆண்டில் விவரிக்கப்பெற்றது. அது அற்றுப்போகும் பேரபாயத்தில் உள்ளது. ஆதலால் இதனைக் கொல்லாது விடுதல் நலம்.

பழி மாறிச் சேரும் விதம்

இரவில் விளக்கை நாடி வயலிலிருந்து வரும், எறும்பு போன்ற சிறு வண்டு ஒன்றுண்டு. அதன் உடல் செம்மஞ்சளும் கறுப்புமாக மாறி வரும். அதனைத் தோலின் மேல் நசுக்கினால் மறுநாள் எரிச்சலுடன் கொப்புளம் எழும். இதைச் சிலந்தியின் சிறுநீர் பட்டதென்று கூறுவோர் பலர். வண்டை ஊதி அகற்றிச் சோப்பிட்டுக் கழுவுவதே தக்கது. அக்கியையும் சிலந்தியின் செயலென்று எண்ணிக் காலங்கடத்துதல் கூடாது.

இவற்றினும் கொடியது வேறொரு பிழை. தரையிற் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் தீண்டினால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. பல்தடமும் தெளிவாய்த் தெரியாது. “ஏதோ பூச்சி கடித்தது” என்று மீண்டும் உறங்குவர். பின்னர் வயிற்றுவலியும், கண்ணிமை தாழ்தலும், விழுங்கவும் மூச்சுவிடவும் இயலாமையும் தோன்றும். அதற்குள் உயிர் காக்கும் காலம் நழுவிவிடக்கூடும். கடித்ததைக் கண்ணாற் காணாதவரையில் சிலந்தியென்று துணியாது, உடனே மருத்துவமனை செல்லவேண்டும்.

புகைப்படத்தின் பயன்

இதனாற்றான் கைபேசிப் படம் பெரிதும் பயன்படுகிறது. அதை எடுக்கையில் கவனிக்க வேண்டியவை:

1. கையளவு தூரத்திற்கு அப்பால் நின்று, உருவைப் பெரிதாக்கி எடுக்கவும், நெருங்கவேண்டாம்.
2. மேலிருந்து ஒன்றும், முகப்புறம் ஒன்றுமாக எடுக்கவும்.
3. அளவு விளங்க, சிலந்தி அகன்ற பின் அதே இடத்தில் தீப்பெட்டியை வைத்து மற்றொரு படம் எடுக்கவும்.
4. நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவும்.

இப்படத்தை வேளாண்மை அறிவியல் நிலையத்துப் பூச்சியியல் வல்லுநரிடம் காட்டலாம். யாரையேனும் கடித்திருப்பின் படத்தை மருத்துவரிடம் காட்டவேண்டும். படத்திற்காகத் தாமதித்தல் மட்டும் ஆகாது.

அகற்றும் முறை

சிறு சிலந்தியின் மேல் அகன்ற வாய்க் கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடலாம். மரத்துப் பெருஞ்சிலந்தியை வெறுங்கையால் தொடலாகாது. குழந்தைகளை விலக்கிவிட்டு, நீண்ட கழியுள்ள துடைப்பத்தால் மெல்ல வாயிற்பக்கம் ஓட்டவும். விறகையும் பழைய மரத்தையும் வீட்டுச் சுவரோடு அடுக்காதிருத்தலும், அவற்றை எடுக்கையில் தடித்த கையுறை அணிதலும், செருப்பை உதறி அணிதலும் வருமுன் காக்கும் வழிகள்.

கடித்தவிடத்துச் செய்வன

கடியிடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவிக் குளிர்ந்த ஈரத்துணியை வைக்கவும். கை கால்களை அசையாது இருத்தவும். கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல், சுண்ணாம்போ மண்ணெண்ணெயோ தடவுதல் ஆகியன தீமையே செய்யும். தசைப்பிடிப்பு, மிகுவியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், கடிபட்டது குழந்தையாயினும், 108-ஐ அழைக்கவும். பாம்புக்கடி மருந்து சிலந்தி விஷத்தை மாற்றாது; சிலந்திக்கடியென்று விடுபட்ட பாம்புக்கடிக்கோ அம்மருந்தன்றி வேறு கதியில்லை. கடித்தது எது என்று அறிவதன் அவசியம் இதனால் விளங்கும்.

கிராம நிர்வாக அலுவலரும் ஊர்ப் பெரியோரும் இச்செய்தியைக் களத்திலும் கூட்டத்திலும் எடுத்துரைப்பார்களாயின், சிலந்தி பிழைப்பதோடு மனித உயிரும் பிழைக்கும்.