அற்பாயுளும் அவகாசமும்

அற்பாயுளில் மறைந்த மேதைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் என்னென்ன சாதித்திருப்பாரோ என்று பெருமூச்சு விடுவது நம்மவர் சம்பிரதாயம். 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து, 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் கண்மூடிய கணித மேதை ராமானுஜன் விஷயத்தில் அந்த அனுதாபம் இடம் தவறி விழுகிறது என்றே சொல்லவேண்டும். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்துக்கொண்ட கணித அறிஞர் ஹார்டியே, ராமானுஜனுடைய வாழ்வின் உண்மையான சோகம் இளவயது மரணமன்று, பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை அவருடைய ஆற்றல் நெறிப்படுத்துவாரின்றித் திசைமாறிக் கிடந்ததுதான் என்று கருதினார்.

கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாமையால் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்து, சென்னையிலும் பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. பரீட்சையில் தேறாமல், பட்டமில்லாத காரணத்தால் உத்தியோகத்துக்குப் பலர் வாசலில் காத்து நின்று, காகிதம் வாங்க வகையின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு கழித்த ஆண்டுகள் அவை. 1912-இல் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. மறுவருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்த பிறகே, ஜீவனத்துக்கும் கணிதத்துக்குமாகப் பங்குபோடப்படாத பொழுது அவருக்கு வாய்த்தது. 1914-இல் கப்பலேறியவர் 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுற்றுத் திரும்பிய இறுதி ஆண்டிலோ, மாக் தீட்டா சார்புகள் என்ற புதிய துறையையே திறந்துவைத்தார். அக்காலத்து ஏடுகள் 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டுக் கணித உலகை வியப்பில் ஆழ்த்தின.

வறுமைதான் மேதையைப் புடம்போடுகிறது என்பாரும் உளர். புடத்திலேயே கருகிப்போனவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆயுளின் அளவு நம் கையில் இல்லை. அவகாசம் பெரும்பாலும் பிறர் கையில் இருக்கிறது. அந்தப் பிறர் யாரென்று பார்த்தால், இன்றைக்கு நாமேதான். விடியுமுன் ஒரு டியூஷன், பகலெல்லாம் பள்ளிக்கூடம், அந்தியில் மறுபடி டியூஷன், இரவில் மாதிரித் தேர்வு என்று பிள்ளைகளின் நாளை நாழிகை நாழிகையாக ஏலம் போட்டுவிட்டு, காலத்தை வீணாக்காதே என்று உபதேசமும் செய்கிறோம். தாம் எழுதவேண்டிய பரீட்சைக்கு நேராக உதவாத, கார் என்பவர் தொகுத்த சூத்திரப் புத்தகம் ஒன்று பதினாறு வயதில் ராமானுஜன் கைக்கு வந்தது. அதில் மூழ்கிக்கிடக்க அவருக்கு வீட்டுத் திண்ணையும் இருந்தது, யாரும் தட்டிக்கேட்காத பொழுதும் இருந்தது. அதே புத்தகம் இன்றைய சிறுவனுக்குக் கிடைத்தால், அதை எந்த வேளையில் பிரிப்பான்?

காலத்தைப் பயன்படுத்துவது என்பது அதை அணுவளவும் இடைவெளியின்றி நிரப்புவதன்று. மனம் விரும்பிய ஒன்றுக்கு அதை முழுதாக ஒப்படைப்பதேயாகும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளின் நாளில் ஒரு மணி நேரத்தையாவது, எதற்கென்று கேளாமல், அவர்களிடமே விட்டுவிடுங்கள்.