செய்தியை நிறுத்திவைத்தவர்களுக்குக் கிடைத்த பதக்கம்

கையில் பெரிய செய்தி. படம் இருக்கிறது, வாக்குமூலம் இருக்கிறது, ஆவணம் இருக்கிறது. வேறு யாராவது முந்திக்கொண்டால் மாதக்கணக்கான உழைப்பு வீண். அப்படி ஒரு நேரத்தில் ‘இப்போது வெளியிட வேண்டாம்’ என்று முடிவெடுக்க எத்தனை ஆசிரியர்களுக்கு மனம் வரும்? 2015இல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், சுருக்கமாக ஏபி, அந்த முடிவை எடுத்தது. அடுத்த ஆண்டு அதே செய்திக்கு, புலிட்சர் பரிசுகளில் முதன்மையானதாக மதிக்கப்படும் பொதுச்சேவைப் பதக்கம் வந்து சேர்ந்தது. மனித உரிமைச் செய்திக்கு விருது தருபவர்கள் எதைப் பார்த்துத் தர வேண்டும் என்ற கேள்விக்கு அந்தச் செய்தியிலேயே விடை இருக்கிறது.

கூண்டுக்குள் மனிதர்கள்

இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில், மலுக்கு மாகாணத்தின் அரு தீவுக்கூட்டத்தில் உள்ள ஊர் பெஞ்சினா. அங்கே ஒரு மீன்பிடி நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயே கூண்டு அடித்து ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். தப்பி ஓடிவிடுவார்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் மியான்மர் ஏழைகள். தாய்லாந்தில் வேலை என்று தரகர்கள் சொன்னதை நம்பி வந்து, இழுவைப் படகுகளில் ஏற்றப்பட்டவர்கள். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வேலை. குடிக்க அசுத்தத் தண்ணீர். களைத்துச் சாய்ந்தால் திருக்கை வாலால் அடி. கம்பெனியின் இடுகாட்டில் 60க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருந்தார்கள். புதைகுழிகளின் மேல் இருந்தவையோ பொய்யான தாய்லாந்துப் பெயர்கள். படகில் ஏற்றும்போது கொடுத்த போலி அடையாளம் செத்த பிறகும் போகவில்லை. மகனைத் தேடி ஒரு தாய் வந்தாலும் எது அவன் குழி என்று கண்டுபிடிக்க முடியாது.

இதை வெளிக்கொண்டு வந்தவர்கள் ராபின் மெக்டவல், மார்ஜி மேசன், மார்த்தா மெண்டோசா, எஸ்தர் டுசான் ஆகிய நால்வர். நால்வரும் பெண்கள். எஸ்தர் மியான்மரைச் சேர்ந்தவர். புலிட்சர் பெற்ற முதல் மியான்மர்க்காரரும் அவரே. பெஞ்சினாவில் மட்டும் 40க்கும் மேற்பட்டவர்களிடம் ஏபி பேசியது.

மீன் போன வழி

கொடுமையை மட்டும் எழுதியிருந்தால் வாசகர்கள் இரண்டு நாள் பரிதாபப்பட்டுவிட்டு மறந்திருப்பார்கள். இவர்கள் மீனின் பின்னாலேயே போனார்கள். பெஞ்சினாவில் சரக்கு ஏற்றிய கப்பலைச் செயற்கைக்கோள் சமிக்ஞை வழியாக 15 நாள் கண்காணித்தார்கள். அது தாய்லாந்தின் சமுத் சாகோன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து புறப்பட்ட லாரிகளை நான்கு இரவுகள் பின்தொடர்ந்து, சரக்கு எந்தெந்தத் தொழிற்சாலையில், எந்தெந்தக் குளிர்பதனக் கிடங்கில் இறங்கியது என்று குறித்தார்கள். பிறகு அமெரிக்கச் சுங்க ஆவணங்களைப் புரட்டினார்கள். வால்மார்ட், க்ரோகர் போன்ற பேரங்காடிகளின் கொள்முதல் சங்கிலி வரை, பூனைக்குப் போடும் டப்பா உணவு வரை அந்தத் தடம் நீண்டது. எங்கோ ஒரு தீவில் நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று இனி எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது.

முதலில் ஆள், பிறகு செய்தி

எல்லாம் கையில் வந்த பிறகுதான் அந்தச் சிக்கல் எழுந்தது. கேமரா முன் பேசியவர்கள் இன்னும் அதே தீவில் இருந்தார்கள். முகத்தோடு செய்தி வந்தால் அவர்கள் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. முகத்தை மறைத்தால் சொன்னது யார் என்ற கேள்வி வரும். ஏபி அவர்களைப் பற்றிய விவரங்களைச் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பிடம் கொடுத்தது. அந்த அமைப்பின் முயற்சியால் இந்தோனேசியப் போலீசார் அவர்களைத் தீவிலிருந்து வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகே, 2015 மார்ச் 25இல், செய்தி வெளியானது.

ஏப்ரல் தொடக்கத்தில் இந்தோனேசிய அதிகாரிகள் பெஞ்சினாவுக்குப் போனார்கள். ஊருக்குப் போகலாம் என்று சொன்னதும் 300க்கும் மேற்பட்டோர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மொத்தத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் விடுபட்டனர். 2016 மார்ச்சில் தாய்லாந்து நாட்டவர் ஐவருக்கும் இந்தோனேசியர் மூவருக்கும் தலா மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. கட்டாய உழைப்பில் உருவான பொருளாக இருந்தாலும் உள்நாட்டு உற்பத்தி தேவைக்குப் போதாவிட்டால் இறக்குமதி செய்யலாம் என்று 1930ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஓட்டை விட்டிருந்தது. 2016 பிப்ரவரியில் அப்போதைய அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது.

புலிட்சரின் பொதுச்சேவைப் பிரிவில் ரொக்கம் கிடையாது. தங்கப் பதக்கம் மட்டுமே, அதுவும் நிறுவனத்தின் பெயருக்கு. செய்தியை நிறுத்திவைத்தது நிறுவனத்தின் முடிவு என்பதால், இந்தச் செய்தியைப் பொறுத்தவரை அதுவே பொருத்தம்.

பதக்கம் கேடயம் ஆகாது

விருது வாங்கியவரை யாரும் தொட மாட்டார்கள் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. ஆனால் எஸ்தர் டுசான், மியான்மரின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களின் பிரச்சினை பற்றி எழுதிவந்த நிலையில், மிரட்டல்கள் காரணமாக 2017 இறுதியில் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மியான்மரில் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோன், சியாவ் சோ ஊ இருவரும் கைதானார்கள். இன் டின் கிராமத்தில் ரோஹிங்கியா ஆண்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டதை அவர்கள் துப்பறிந்துகொண்டிருந்தார்கள். விதிக்கப்பட்டது ஏழு ஆண்டுச் சிறை. 2019 ஏப்ரலில் ராய்ட்டர்ஸுக்குப் புலிட்சர் அறிவிக்கப்பட்டபோது இருவரும் சிறையில்தான் இருந்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. 500 நாளுக்கு மேல் சிறையில் கழித்தபின், மே மாதம் அதிபரின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள்.

பரிசு ஒரு செய்தியை உலகம் மறக்காமல் பார்த்துக்கொள்ளும். எழுதியவரையோ பேசியவரையோ அது காப்பாற்றாது. அந்தப் பொறுப்பு செய்தியை வெளியிடும் நிறுவனத்துடையது, அதுவும் வெளியிடுவதற்கு முன்பே.

அதனால் விருதுக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். மொழியழகையும் உருக்கமான படங்களையும் எடைபோடும் முன் இரண்டைக் கேளுங்கள்: உங்களை நம்பிப் பேசியவர் இன்று எங்கே, எப்படி இருக்கிறார்? அவர் துன்பத்தில் லாபம் பார்த்தவர்களின் பெயர் இதில் இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் இல்லாத கட்டுரைக்கு, எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், பரிசு தர வேண்டாம்.